எனக்காக எழுந்து நிற்காதீர்கள்

அவைக்கு வணக்கம் சொல்வதற்கு முன் ஒரு விண்ணப்பம். நான் யாரை விளித்தாலும் அவர் எழுந்து நிற்க வேண்டாம். கை கூப்ப விரும்பினால் உட்கார்ந்தபடியே கூப்புங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு என்மேல் இரக்கம் வைத்து அசையாமல் இருங்கள்.

ஒழுங்கு கலைந்தால் தடுமாறிப்போகிறவன் நான். ஆகவே எதையெதைப் பேசப்போகிறேன் என்பதை முதலிலேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நா வறண்டு பேச்சு நின்றுபோனால், மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1. ஊன்றி நடக்கும் வாக்கரின் உயரம். அவரவர் வாக்கர் அவரவருக்கே.
2. நாற்காலியிலிருந்து எழுவது. எதைப் பிடித்து எழ வேண்டும், எதைப் பிடிக்கவே கூடாது.
3. வாக்கரின் காலடியில் தேயும் ரப்பரும், அதன் தலையில் தொங்கும் பைகளும்.
4. ஒருமுறை விழுந்தவர் மறுபடி நடக்கக் கூடாது. சக்கர நாற்காலியில்தான் இருக்க வேண்டும்.

அவ்வளவுதான். இனி வணக்கம்.

தலைமையேற்று அமர்ந்திருக்கும், இந்த முதியோர் இல்லத்தின் கதவும் காவலும் கண்டிப்பும் கருணையுமாகிய நிர்வாகி அம்மையார் அவர்களே! நோய்க்கு மருந்தும் நெஞ்சுக்கு ஆறுதலும் ஒருசேரத் தரும் மருத்துவர் அவர்களே! மறந்துபோன மூட்டுகளுக்கு மடங்கவும் நீளவும் மறுபடி கற்றுத்தரும் பிசியோ மேடம் அவர்களே! நரையை முடியாகச் சூடி முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! பெற்றதும் வளர்த்ததும் போதாதென்று என் பேச்சையும் பொறுத்துக்கொள்ள வந்திருக்கும் தாய்மார்களே! விடுமுறைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் மகன்களே, மகள்களே, மருமக்களே! படுக்கை விரித்து, பாதம் துடைத்து, பசியறிந்து பரிமாறும் உதவியாளர்களே!

ஐயா! மூன்றாம் வரிசை ஐயா! லாரி ஓட்டிய ஐயா! உங்களைத்தான். உட்காருங்கள்.

"மரியாதைக்குத்தான் சார் எந்திரிச்சேன்!"

கேட்டீர்களா? மரியாதைக்குத்தான் என்கிறார். அந்தச் சொல்லுக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

இன்னும் ஒரே ஒரு வணக்கம் பாக்கியிருக்கிறது. முன்வரிசையின் ஓரத்தில், இடுப்பில் பட்டை கட்டிய சக்கர நாற்காலியில் அமர்ந்து, நான் மேடையேறியதிலிருந்து கண் கொட்டாமல் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் அக்கா அவர்களே!

"வணக்கம் வெச்சது போதும்டா தராசு. விஷயத்துக்கு வா. டீ ஆறிடும்."

வந்துவிட்டேன் அக்கா.

தராசு என்பது என் பட்டப்பெயர். எடையளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்தவன் நான். தட்டு எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்த்துப் பார்த்தே கண் பழகிப்போனது. எந்த முடிவையும் நான் சட்டென்று எடுத்ததில்லை. கத்தரிக்காய் வாங்குவதா வெண்டைக்காய் வாங்குவதா என்று நான் சந்தையில் நின்று யோசித்த காலத்திலேயே அக்கா இந்தப் பெயரை வைத்துவிட்டாள். அவள் தட்டச்சுப் பள்ளி நடத்தியவள். அவள் முடிவெடுப்பது விசை தட்டுவதுபோல. தட்டினால் தட்டியதுதான், அழிப்பதில்லை. இன்று நாங்கள் இருவரும் இந்த இல்லத்தில் எதிரெதிர் அறைகளில் இருக்கிறோம். எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான்.

நான் ஏன் இங்கே நடுங்கிக்கொண்டு நிற்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் அக்கா இதே கூடத்தில் விழுந்தாள். நெற்றியில் தையல் போட்டார்கள். மணிக்கட்டில் விரிசல், கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகிறது. இன்று கூட்டம் முடிந்து தேநீர் குடித்தபின், நிர்வாகி அம்மையாரும் மருத்துவரும் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். அக்கா இனி நடக்கலாமா, வேண்டாமா? வேண்டாம் என்று நான் சொன்னால் அவளுடைய வாக்கரை எடுத்துவிடுவார்கள். நடக்காதவர்கள் இருப்பது பின்கட்டிடத்தில். அவளும் அங்கே போய்விடுவாள். எதிர் அறை காலியாகும்.

அவள் கேட்பது என்ன? ஊர் சுற்ற வேண்டும் என்றா கேட்கிறாள்? மலையேற வேண்டும் என்றா கேட்கிறாள்? கழிப்பறைக்குத் தானே போய், கதவைத் தானே சாத்திக்கொண்டு, தானே திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறாள். அதற்கு நான் சொல்லவிருக்கும் பதில்தான் என் நாலாவது குறிப்பு. இப்போதே அதற்குப் போய்விடக் கூடாது. வரிசைப்படி வருகிறேன்.

முதல் குறிப்பு, உயரம்.

மேடையில் என் பக்கத்தில் நிற்கிறதே ஒரு வாக்கர், இதைப் பாருங்கள். இது ஏதோ நாலு குழாய்களை வளைத்துச் செய்த பொருள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. இது உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு எங்கே வருகிறதோ அங்கே இதன் கைப்பிடி வர வேண்டும். அப்போதுதான் முழங்கை சற்றே மடங்கும், தோள் தளர்ந்து நிற்கும். தாழ்ந்திருந்தால் கூன் விழும். உயர்ந்திருந்தால் தோள் காதைத் தொடும்.

நம் ஓட்டுநர் ஐயா எவ்வளவு உயரம் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். தையற்கடை வைத்திருந்த நம் ஐயா எவ்வளவு உயரம் என்பதும் தெரியும். இந்த இருவரும் ஒருநாள் வாக்கரை மாற்றிக்கொண்டார்கள். ஏன் என்று ஓட்டுநர் ஐயாவைக் கேட்டேன்.

"என்னோடது கீச்சுக்கீச்சுன்னு கத்துது சார். தூங்குறவங்க முழிச்சுக்கிறாங்க. இவரு, அண்ணே என்னோடதை எடுத்துக்குங்கன்னு குடுத்தாரு. வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படுமே."

"உங்களுக்கு அது இடுப்புக்குக் கீழேயில்ல இருக்கு?"

"கொஞ்சம் குனிஞ்சுக்கிட்டேன்."

தையற்காரர் ஐயாவின் நிலை என்ன? கீச்சிடும் அந்த உயரமான வாக்கருக்குப் பின்னால், மதில் மேல் எட்டிப்பார்ப்பவரைப்போல் அவர் போய்க்கொண்டிருந்தார். மனசு கஷ்டப்படக் கூடாது என்பதற்காக ஒருவர் குனிந்தார், ஒருவர் எம்பினார். சிரிக்கிறீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அறைக்குத் திரும்பிய பிறகுதான் பயம் வந்தது. அன்பாக இருப்பது வேறு, அளவாக இருப்பது வேறு, அன்பர்களே! கீச்சிட்டால் பிசியோ மேடத்திடம் சொல்லுங்கள், எண்ணெய் விடுவார். வாக்கரை மட்டும் யாருக்கும் தானம் செய்யாதீர்கள்.

இரண்டாம் குறிப்பு, எழுவது.

ஒரு மிடறு தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அன்று மதியச் சாப்பாடு முடியும் நேரம். அக்காவும் நானும் அதோ அந்தச் சாளரத்தின் ஓரம் உட்கார்ந்திருந்தோம். வாசலில் மருத்துவர் நுழைந்தார். நாம் எப்படிப்பட்ட மனிதர்கள்? ஆசிரியர் வந்தால் எழுந்தோம், அதிகாரி வந்தால் எழுந்தோம், மாமனார் வந்தால் எழுந்தோம், மருமகன் வந்தாலும் எழுந்தோம். எழுந்து எழுந்தே வளர்ந்த தலைமுறை அல்லவா நாம்! கூடம் முழுக்க நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. ஒவ்வொருவரும் எதைப் பிடித்து எழுந்தோம்? எதிரே நின்ற வாக்கரைப் பிடித்து.

மருத்துவர் பாவம், கையை ஆட்டி ஆட்டி, "உட்காருங்க, உட்காருங்க" என்றார். யார் கேட்டோம்? வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல, நம் மரியாதை கூடிக்கொண்டே போயிற்று!

அக்காவும் வாக்கரைப் பிடித்து இழுத்தாள். வாக்கர் என்ன, தரையில் நட்ட தூணா? இழுத்தால் அது நம் பக்கம்தானே வரும்? முன்கால்கள் தூக்கின. வாக்கர் அவள்மேல் சாய்ந்தது. அவள் பக்கவாட்டில் சரிந்தாள். மேசையின் விளிம்பு நெற்றியில் பட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கதவு சாத்தினால் அந்தச் சத்தம், தட்டு விழுந்தால் அந்தச் சத்தம்.

தரையில் கிடந்தபடி அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "டாக்டர் தம்பி, மன்னிச்சுக்குங்க. சரியா எந்திரிக்க முடியல." விழுந்ததற்கு அழவில்லை. மரியாதை பாதியில் நின்றுவிட்டதே என்று வருந்தினாள்.

ஆகவே எழும் முறையைக் கேளுங்கள். முதலில் நாற்காலியின் விளிம்புக்கு நகர வேண்டும். பாதங்களை முழங்காலுக்குக் கீழே இழுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கைகளும் நாற்காலியின் கைகளில். தலையை முன்னால் கொண்டுவந்து, மூக்கு கால் பெருவிரலைப் பார்க்கும்படி குனிந்து, கைகளால் கீழே அழுத்தி எழ வேண்டும். எழுந்ததும் ஓடக் கூடாது; நின்று மூச்சு விட வேண்டும். அதன்பிறகு ஒரு கை வாக்கருக்கு, பிறகு மறு கை. நாற்காலியை அழுத்தி எழு, வாக்கரைப் பிடித்து நட. மறந்தும் மாற்றிச் செய்யாதே!

பிசியோ மேடம் இதைச் செய்துகாட்டுவார்.

"அந்தம்மா எந்திரிச்சுக் காட்டுறதுல என்னடா இருக்கு? அதுக்கு முட்டி நல்லாத்தானே இருக்கு! என்னை எந்திரிக்கச் சொல்லு!"

வேண்டாம் அக்கா.

"ஏன்டா?"

சபையில் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். மேடம், நீங்களே காட்டிவிடுங்கள். காட்டிவிட்டாரா? நன்றி. கைதட்டல் அவருக்கு. நாம் அடுத்ததற்குப் போவோம்.

மூன்றாம் குறிப்பு, ரப்பரும் பையும்.

வாக்கரைத் திருப்பி அதன் பாதங்களைப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? செருப்புத் தேய்ந்தால் தெரிகிறது, ரப்பர் தேய்ந்தால் தெரிவதில்லை. அதன் அடியிலுள்ள வரிகள் மழுங்கிவிட்டால், ஈரத் தரையில் அது வழுக்கும். பாதத்தைப் பாருங்கள்! பாரத்தையும் பாருங்கள்! ஆம், நம் மேட்ரன் அம்மாவைத்தான் சொல்கிறேன். மருத்துவமனை விடுதியை ஆண்ட அந்த அம்மாள், வாக்கரின் முன்னால் ஒரு பை மாட்டியிருக்கிறார். உள்ளே வானொலிப் பெட்டி, வெந்நீர்க் குடுவை, சால்வை, மாற்றுச் செருப்பு. ஒருநாள் கையை விட்டார், வாக்கர் குப்புற விழுந்தது.

"குடுவை உடையலையே, அதைச் சொல்லுங்க!"

உடையவில்லை அம்மா, ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் பிடித்துக்கொண்டிருந்தபோது விழுந்திருந்தால் என்ன உடைந்திருக்கும்? ஒரு கைக்குட்டை, ஒரு கண்ணாடி, இலேசான சின்னப் பை. அதுவும் நடுவில் கட்டியிருக்க வேண்டும். அதற்குமேல் வேண்டாம்.

இனி நாலாவது குறிப்பு.

அன்பர்களே! சொல்லத் தயங்குகிறேன், ஆயினும் சொல்கிறேன். விழுதல் என்பது என்ன? ஒருமுறை விழுந்தவர் மறுமுறை விழமாட்டார் என்று யார் உறுதி சொல்வார்? எலும்பு இளைத்த வயதில், பார்வை மங்கிய வயதில், பத்தடி நடப்பதற்காக உயிரைப் பணயம் வைப்பதா? உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துவிடும்? சக்கரம் இருக்கிறது, தள்ளக் கை இருக்கிறது, கட்டப் பட்டை இருக்கிறது. நடந்து விழுவதைவிட அமர்ந்து வாழ்வது மேல் அல்லவா? ஆகவே, ஒருமுறை விழுந்தவர்...

அது என்ன சத்தம்?

அக்கா, பட்டையை ஏன் கழற்றுகிறாய்?

"நீ பேசு. நான் என் வேலையைப் பாக்குறேன். மேடம், பிரேக்கு போட்டாச்சா? ரெண்டு பக்கமும்?"

"போட்டாச்சும்மா."

"கால் பலகையை மடக்கிவிடுங்க. தடுக்கும். மேடையில இருக்குதே, அது என்னோட வாக்கரு. அதை இறக்குங்க. உயரத்தை யாரும் மாத்தலையே?"

நிர்வாகி அம்மா, நீங்களாவது தடுங்கள்! மேடம், நீங்களுமா? என்ன சொல்கிறீர்கள்?

"ஒரு வாரமா வராண்டாவுல எந்திரிச்சு நடந்து பழகுறாங்க சார். நானும் டாக்டரும் கூடவே நின்னோம். உங்ககிட்ட சொன்னா பயப்படுவீங்கன்னு இவங்கதான் சொல்ல வேணாம்னாங்க."

அவையோரே, பாருங்கள். அதோ, அக்கா நாற்காலியின் விளிம்புக்கு நகர்கிறாள். பாதங்களை உள்ளே இழுக்கிறாள். கைகளை நாற்காலியின் கைகளில் வைக்கிறாள். அக்கா, அந்த மணிக்கட்டு!

"கட்டுப் பிரிச்சாச்சுடா. மூக்கு எங்க பாக்கணும்?"

பெருவிரலை, அக்கா.

"பாக்குது."

எழுகிறாள். வாக்கரை இழுக்கவில்லை, தொடக்கூட இல்லை. நிற்கிறாள். மூச்சு விடுகிறாள். மேடத்தின் கை அவள் முதுகை ஒட்டி இருக்கிறது, தொடவில்லை. இப்போது ஒரு கை வாக்கரில். இப்போது மறு கை. வாக்கர் முன்னால் போகிறது, முட்டி வலிக்கும் கால் அடுத்து, நல்ல கால் அதற்கடுத்து. அவசரமில்லை. மறுபடி வாக்கர், மறுபடி கால். என் நெஞ்சு அவள் காலடியில் கிடந்து அடித்துக்கொள்கிறது. யாரும் பேசாதீர்கள். யாரும் இருமாதீர்கள். உதவியாளர் தங்கையே, அந்தக் கைக்குட்டை தரையில் கிடக்கிறது, எடுத்துவிடுங்கள் அம்மா. நன்றி.

மேடையின் கீழே வந்துவிட்டாள்.

"படி ஏற மாட்டேன், பயப்படாத. அதெல்லாம் இன்னொரு நாளைக்கு. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது பாரு, தண்ணியைக் குடி."

ஐயோ, என்ன செய்கிறீர்கள்? உட்காருங்கள்! எல்லோரும் உட்காருங்கள்! எழுந்து நின்று கைதட்டாதீர்கள்! ஓட்டுநர் ஐயா, கால் பாதி மடங்கி நிற்கிறது, வாக்கரை விடுங்கள், நாற்காலியைப் பிடியுங்கள்! மேட்ரன் அம்மா, பை! பை! உட்கார்ந்தே தட்டுங்கள்! எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் தட்டுங்கள், உட்கார்ந்து தட்டுங்கள்!

உட்கார்ந்துவிட்டீர்களா? அனைவருமா? அப்பாடா!

அக்காவுக்கு ஒரு நாற்காலி. கை வைத்த நாற்காலியாக. அக்கா, பின்னங்காலில் நாற்காலி படும்வரை...

"தெரியும்டா. பட்டாச்சு. கையையும் பிடிச்சாச்சு. பார், உக்காந்துட்டேன். நீ முடி."

முடிக்கிறேன்.

பெரியோர்களே! தாய்மார்களே! தராசைச் சோதிக்கும்போது முதலில் என்ன பார்ப்போம்? தட்டு சாய்ந்திருந்தால் சரக்கைக் குறை சொல்வதற்கு முன், தராசு சமதரையில் நிற்கிறதா என்று பார்ப்போம். அக்கா விழுந்தாள். நான் என்ன பார்த்தேன்? அவள் காலைப் பார்த்தேன், வயதைப் பார்த்தேன், எலும்பைப் பார்த்தேன். எழுந்த விதத்தைப் பார்த்தேனா? இரண்டாம் குறிப்பில் என் வாயாலேயே உங்களுக்குச் சொன்னேனே, வாக்கரைப் பிடித்து இழுத்ததால் விழுந்தாள் என்று! அப்படியிருக்க, நாலாம் குறிப்பில் எப்படி வந்தது நடக்கக் கூடாது என்ற தீர்ப்பு? நடந்தா விழுந்தாள்? ஓர் அடியேனும் எடுத்து வைத்தாளா? அன்று தவறியது அவள் கால் அல்ல, நம் எல்லோருடைய அவசர மரியாதை!

பிறகு ஏன் அந்தக் குறிப்பை எழுதினேன்? அச்சம். அவளுக்குப் பாதுகாப்பு என்று நான் பெயர் வைத்தது என் நிம்மதிக்கு. என் காதில் அந்தச் சத்தம் மறுபடி கேட்கக் கூடாது என்பதற்காக, அவள் கழிப்பறைக் கதவை இன்னொருவர் சாத்தட்டும் என்று சொல்ல இருந்தேன். பட்டை கட்டியது அவள் இடுப்பில். கட்டச் சொன்னது என் நடுக்கம். நடுக்கம் இப்போதும் தீரவில்லை. இன்று போனாலும் நாளை வரும். அவள் எதிர் அறையில் எழும் ஒவ்வொரு முறையும் நான் இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேன்! பிடிப்பது என் மூச்சாகவே இருக்கட்டும், அவள் காலாக வேண்டாம்!

நிர்வாகி அம்மா, மருத்துவர் ஐயா! தேநீருக்குப் பின் கேட்க வேண்டிய கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். அக்கா நடக்கட்டும். அளவான வாக்கரோடு, தேயாத ரப்பரோடு, மேடத்தின் கண் பார்வையில் நடக்கட்டும். எதிர் அறை அவளுடையதாகவே இருக்கட்டும்.

"இதைச் சொல்றதுக்கு இவ்வளவு நேரமாடா?"

தராசு அல்லவா அக்கா! ஊசி நிற்க நேரமாகும்.

மருத்துவர் ஐயா, உங்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. இனி இந்தக் கூடத்துக்குள் வரும்போது, வாசலிலிருந்தே "யாரும் எந்திரிக்காதீங்க" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வாருங்கள். எங்களிடம் ஒருமுறை சொன்னால் போதாது. பழகிய உடம்பு, சொல் பேச்சுக் கேட்காது.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. கைக்குட்டையை எடுத்த தங்கைக்கு நன்றி. எனக்குத் தெரியாமல் என் அக்காவை எழுப்பிய மேடத்துக்கும் மருத்துவருக்கும் கோபம் கலந்த நன்றி. உட்கார்ந்தபடியே கைதட்டிய அனைவருக்கும் உள்ளம் நிறைந்த நன்றி. இவ்வளவு மரியாதையை என் ஆயுளில் யாரும் எனக்குச் செய்ததில்லை. எல்லோருக்கும் அமர்ந்த நிலையிலேயே வணக்கம்.

முதல் மூன்று குறிப்புகளையும் மறவாதீர்கள். நாலாவது தவறு.